சூரிய வெடிப்பின் வேகம்: படம் தவறவிடும் நிமிடங்களை ரேடியோவில் அளப்பது எப்படி

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வருடா வருடம் நான் கொடுக்கும் புராஜெக்டுகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு வெடிப்பை, அதாவது சூரியன் வெளியே வீசியெறிந்த ஒரு பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) மேகத்தை எடுத்துக்கொள். அதன் வேகத்தைப் படத்திலிருந்து ஒருமுறை, ரேடியோவிலிருந்து ஒருமுறை கண்டுபிடி. இரண்டு விடைகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். லேப்டாப்பும் இணையமும் போதும், தரவு முழுக்க இலவசம். வகுப்பில் எப்படிச் சொல்வேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதல் வருடம் ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்துதான் இதைத் தொடங்குவது வழக்கம். "மேடம், இந்தப் படத்துல தெரியறதுக்கு முன்னாடியே அது பாதி தூரம் வந்துடுச்சே, அது எப்படி?"

சரியான கேள்வி. சோஹோ விண்கலத்தில் இருக்கும் லாஸ்கோ கருவி, சூரியனை ஒரு தட்டால் மறைத்து, சுற்றியிருக்கும் கொரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படம் எடுக்கிறது. அதில் சி2 கேமரா, சூரிய மையத்திலிருந்து ஏறத்தாழ 2 சூரிய ஆரம் முதல் 6 ஆரம் வரை பார்க்கும். சி3 அங்கிருந்து 30 ஆரம் வரை. 2 ஆரத்துக்குக் கீழே நடப்பது தட்டின் மறைவில் போய்விடுகிறது. அப்புறம், சி2 வழக்கமாக 12 நிமிடத்துக்கு ஒரு படம்தான் எடுக்கும். விநாடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வெடிப்பு அந்த 12 நிமிடத்தில் 3,60,000 கிலோமீட்டர் கடந்துவிடும். சூரிய ஆரம் 6,95,700 கிலோமீட்டர். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அரை ஆரத்துக்கு மேல் நமக்குத் தெரியாமலே நகர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் திசை. படம் தட்டையானது. சூரியனின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் போகும் வெடிப்பைப் படம் நன்றாக அளக்கும். நம்மை நோக்கி நேராக வருவதோ தட்டைச் சுற்றி ஒரு வளையமாக விரிவதாகத்தான் தெரியும். அந்த வளையம் விரியும் வேகத்தை வைத்து வெடிப்பு வரும் வேகத்தைச் சொல்வது, எதிரே வரும் பஸ்ஸின் முகப்பு எவ்வளவு பெரிதாகிக்கொண்டே போகிறது என்று பார்த்து பஸ்ஸின் வேகத்தைச் சொல்வது போல. பூமிக்குப் பாதிப்பு தருபவை பெரும்பாலும் இப்படி நேராக வருபவைதான் என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலத்தில் இதே போல் தட்டால் மறைத்துப் படம் எடுக்கும் கருவி (கொரோனாகிராஃப்), 1.05 ஆரத்திலிருந்தே பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. தட்டு மறைக்கும் பகுதியை அது குறைக்கிறது. திசைச் சிக்கல் அதிலும் அப்படியே இருக்கிறது.

ரேடியோ எப்படி உயரத்தைச் சொல்கிறது

வெடிப்பு ஒலியைவிட வேகமாக, இன்னும் சரியாகச் சொன்னால் அந்த இடத்தின் காந்த அலை வேகத்தைவிட வேகமாகப் போனால், அதன் முன்னால் ஓர் அதிர்ச்சி அலை உருவாகும். அது எலக்ட்ரான்களை முடுக்கிவிட, அவை சுற்றியுள்ள பிளாஸ்மாவைக் குலுக்க, பிளாஸ்மா தனக்கே உரிய அதிர்வெண்ணில் ரேடியோ அலையை வெளிவிடும். அந்த அதிர்வெண் எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் பொறுத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் என்ற எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 9-ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும் (துல்லியமாக 8.98).

சூரியனை விட்டு மேலே போகப் போக அடர்த்தி குறைகிறது. எனவே அதிர்ச்சி அலை மேலே ஏற ஏற, நமக்கு வரும் ரேடியோ சத்தத்தின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்தால் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரிந்துவிடும். முழு விஷயமும் இவ்வளவுதான்.

இதை முதன்முதலில் பிடித்தவர்களைப் பற்றி வகுப்பில் பேசாமல் நான் மேலே போவதில்லை. 1947 மார்ச் 8 அன்று சிட்னி நகரின் டோவர் ஹைட்ஸில் ரூபி பெயின்-ஸ்காட், யாப்ஸ்லி, போல்டன் மூவரும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று அதிர்வெண்களில் சூரியனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய ரேடியோ சத்தம் முதலில் 200-இல் வந்தது, நிமிடங்கள் கழித்து 100-இல், அதற்கும் பிறகு 60-இல். ஏதோ ஒன்று சூரியனை விட்டு மேலே ஏறுகிறது என்பதை அந்தத் தாமதத்திலிருந்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். விண்கலம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. ரேடியோ வானியலில் வேலை செய்த முதல் பெண்களில் ஒருவர் பெயின்-ஸ்காட். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தப் பெயரை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தரவை எடுப்பது

சொந்தமாக ஆண்டெனா கட்ட வேண்டும் என்று உடனே ஆசை வரும். முதல் மாதம் வேண்டாம். காலிஸ்டோ என்ற சிறிய நிறமாலைமானியை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ரேடியோ சத்தம் எவ்வளவு என்று பதியும் கருவி) சூரிச்சில் கிறிஸ்டியன் மோன்ஸ்டைன் வடிவமைத்தார். இன்று உலகம் முழுக்கப் பல நிலையங்களில் அது ஓடுகிறது. ஊட்டியிலும், பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரிலும் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லா நிலையங்களின் கோப்புகளும் சுவிட்சர்லாந்தில் ஒரே சேமிப்பகத்தில், தேதி வாரியாக, யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. ஒரு கோப்புக்கு 15 நிமிடம். வழக்கமான அமைப்பில் 200 அதிர்வெண்கள், விநாடிக்கு 4 முறை. லாஸ்கோவின் 12 நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் வடிவக் கோப்பு அது. பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற நிரல் தொகுப்பு இருந்தால் இரண்டு வரியில் திறந்துவிடலாம். அதிர்வெண் அச்சு சம இடைவெளியில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோப்பின் இரண்டாவது பகுதியில் ஓர் அட்டவணையாக அது தனியே இருக்கிறது, அதையே எடுத்துப் பயன்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் 15 நிமிட இடைநிலை மதிப்பைக் கண்டு, அந்த வரிசையிலிருந்து கழித்துவிடுங்கள். கருவி பதிவதே மடக்கை அளவில் என்பதால் கழித்தாலே போதும். நேரம் கிடை அச்சிலும் அதிர்வெண் செங்குத்து அச்சிலுமாக வரையும் நிறமாலைப் படத்தில், இந்த ஒரு கழித்தலுக்குப் பிறகுதான் சூரியன் தெரியும். அதற்கு முன் தெரிவது டிவி, எஃப்.எம்., வயர்லெஸ் எல்லாம்தான்.

நேரம் முழுக்க உலக நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். ஒளி சூரியனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று தவறாமல் ஒருவர் கேட்பார். படத்தின் ஒளியும் அதே எட்டு நிமிடம் பயணம் செய்துதான் வந்தது. ஒப்பிடும்போது இரண்டும் அடிபட்டுப் போகும்.

எதைத் தேடுவது? முதலில், செங்குத்துக் கோடுகள் மாதிரி ஒரு சில விநாடிகளில் மேலிருந்து கீழே விழுபவை தெரியும். அவை மூன்றாம் வகை ரேடியோ வெடிப்புகள். ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாயும் எலக்ட்ரான் கற்றைகள். நமக்கு வேண்டியது அதிர்ச்சி அலையிலிருந்து வரும் இரண்டாம் வகை. அது பெரும்பாலும் சில நிமிடங்கள் கழித்து வரும். சாய்வாக, சோம்பலாக இறங்கும். முடிய ஐந்து பத்து நிமிடம் ஆகும். பார்த்ததும் சந்தேகமாக இருந்தால், அதே நேரத்தில் பகலாக இருக்கும் இன்னொரு நிலையத்தின் கோப்பைத் திறங்கள். ஊட்டியிலும் கௌரிபிதனூரிலும் ஒரே விநாடியில் இருந்தால் சூரியன். ஒன்றில் மட்டும் இருந்தால் பக்கத்து ஊர் மோட்டாராகவும் இருக்கலாம்.

2024 மே 10 அன்று பூமியைத் தாக்கிய காந்தப் புயலோடு தொடங்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது வேண்டாம். அந்த வாரம் 13664 என்ற ஒரே கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துப் பல வெடிப்புகள். எந்தக் கோடு எதனுடையது என்று பிரிப்பதே பெரும் பாடு. விளிம்புக்குப் பக்கத்தில், அமைதியான ஒரு நாளில், தனியாக நடந்த ஒரு வெடிப்பை எடுங்கள்.

கணக்கு, அதில் வரும் இரண்டு கிளைகள்

எண்களோடு செய்து பார்த்தால்தான் பிடிபடும். இவை வகுப்புக்காக நான் வைத்திருக்கும் பயிற்சி எண்கள். நிறமாலைப் படத்தில் பளிச்சென்ற ஒரு பட்டை 120 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் 80-க்கு இறங்குகிறது. நடுவில் 108 முதல் 88 வரை எஃப்.எம். ஒலிபரப்பு அதை விழுங்கிவிடும்; மேலே உள்ளே போவதையும் கீழே வெளியே வருவதையும் வைத்து இணைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கிளை இங்கேயே வந்துவிடுகிறது. இரண்டாம் வகை ரேடியோ வெடிப்பு பெரும்பாலும் இரண்டு பட்டைகளாக வரும்: ஒன்று அடிப்படை அதிர்வெண், மற்றது அதன் ஏறக்குறைய இரு மடங்கில் இரண்டாம் சீரிசை. நாம் பார்ப்பது எது? அடிப்படைப் பட்டை பல சமயம் மங்கலாக இருக்கும், அல்லது கருவியின் கீழ் எல்லைக்கும் கீழே போயிருக்கும். அப்போது பளிச்சென்று தெரியும் சீரிசையையே அடிப்படை என்று எடுத்துவிடுவோம். நானே ஆரம்பத்தில் ஒரு முழுப் பருவத்தின் கணக்குகளை இப்படித் தவறாக விட்டிருக்கிறேன். திருத்தித் திரும்பச் செய்ய ஒரு விடுமுறை போனது. எனவே பட்டையைப் பார்த்ததும் அதன் பாதி அதிர்வெண்ணில் அதே சாய்வில் மங்கலாக ஏதாவது தெரிகிறதா, இரு மடங்கில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் தேடுங்கள்.

நம் எண்களில் 60-க்குப் பக்கத்தில் ஒரு மங்கல் பட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக 120 சீரிசை. அடிப்படை 60-இலிருந்து 40-க்கு இறங்குகிறது. 60 மெகாஹெர்ட்ஸ் என்றால் கன சென்டிமீட்டருக்கு சுமார் 4.46 கோடி எலக்ட்ரான்; 40 என்றால் 1.98 கோடி.

அடர்த்தியிலிருந்து உயரத்துக்குப் போக, எந்த உயரத்தில் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் ஒரு கணித மாதிரி வேண்டும். 1961-இல் நியூகிர்க் கொடுத்தது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் செய்முறை இப்படி: அடர்த்தியை 42,000-ஆல் வகுங்கள். வந்ததற்கு 10 அடிமான மடக்கை எடுங்கள். 4.32-ஐ அந்த மடக்கையால் வகுங்கள். விடை, சூரிய மையத்திலிருந்து உயரம், சூரிய ஆரங்களில். 60-க்கு 1.43 ஆரம் வரும், 40-க்கு 1.615. வித்தியாசம் 0.188 ஆரம், அதாவது சுமார் 1,31,000 கிலோமீட்டர். 300 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 436 கிலோமீட்டர்.

இரண்டாவது கிளை இப்போது. நியூகிர்க் மாதிரி அமைதியான கொரோனாவுக்கானது. வெடிப்பு நடக்கும் இடம் கரும்புள்ளிகளுக்கு மேலே, அடர்த்தி கூடுதலாக இருக்கும் இடம். அதனால் மாதிரியை 2, 3, சில சமயம் 4 மடங்காக்கிப் பயன்படுத்துவார்கள். இரு மடங்கு வைத்தால் நம் உயரங்கள் 1.585, 1.82 என்று மாறும். வேகம் 546 ஆகும். ஒரே பட்டை, ஒரே ஐந்து நிமிடம், விடையில் 110 வித்தியாசம். சீரிசையை அடிப்படை என்று தவறாக எடுத்திருந்தால் ஒரு மடங்கு மாதிரியில் 297 வந்திருக்கும்.

பட்டையின் நடுவை மவுஸில் குறிக்கும்போது கை 2 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போனால் எவ்வளவு மாறும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வேன். கீழ் முனையில் அது விநாடிக்கு 30 கிலோமீட்டர்தான். மாணவர்கள் குறிப்பதில்தான் மணிக்கணக்காக மெனக்கெடுவார்கள். உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டியது அந்த இரண்டு கிளைகளில். ஆனாலும் இரண்டு புள்ளிகளோடு நிறுத்திவிடாதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுத்து, உயரம்-நேரம் வரைபடம் போட்டு, கோடு பொருத்துங்கள். வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

படத்தோடு உரசிப் பார்ப்பது

எத்தனை மடங்கு என்று யார் தீர்ப்பு சொல்வது? இங்கேதான் படம் திரும்ப வருகிறது. விளிம்பில் நடந்த வெடிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான். விளிம்பு வெடிப்பில் திசைப் பிழை மிகக் குறைவு, படத்தின் உயரத்தை நம்பலாம்.

ரேடியோ தொடங்கி 18 நிமிடம் கழித்து சி2 படத்தில் முகப்பு 2.45 ஆரத்தில் இருக்கிறது. அடுத்த 12 நிமிடத்தில் 3.00. வேகம் 531. இதே வேகத்தில் பின்னோக்கிப் போனால், ரேடியோ தொடங்கிய நேரத்தில் முகப்பு சுமார் 1.625 ஆரத்தில் இருந்திருக்க வேண்டும். நம் பட்டியலைப் பாருங்கள்: ஒரு மடங்கு 1.43 என்கிறது, இரு மடங்கு 1.585. சீரிசையைத் தவறாக எடுத்திருந்தால் 1.19 வந்திருக்கும், படத்துக்குப் பக்கத்திலேயே வராது. இரு மடங்குதான் பொருந்துகிறது. வேகமும் 546-க்கு 531 என்று கைகோக்கிறது.

இந்தப் பின்னோக்கிய கோட்டை முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஆரம்பத்தில் வெடிப்பு மெதுவாக இருந்து பிறகு வேகம் பிடித்திருந்தால், உண்மையான உயரம் நம் ஊகத்தைவிட அதிகமாக இருக்கும். சூரியனைப் பார்க்கும் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் புறஊதாப் படங்கள் 12 விநாடிக்கு ஒன்று வருகின்றன, ஏறத்தாழ 1.3 ஆரம் வரை தெரியும். வெடிப்பு கிளம்பும் நேரத்தை அதில் பார்த்து, கோட்டின் அடி முனையைக் கட்டிவிட்டால் இந்த ஐயம் பெருமளவு தீரும்.

இன்னொன்று: ரேடியோ சத்தம் வெடிப்பின் மூக்கிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. பக்கவாட்டில், அடர்த்தியான இடத்தில் மோதும் விலாவிலிருந்தும் வரலாம். நாம் கண்டுபிடித்தது அடர்த்தி குறையும் திசையில் ஏறிய வேகம். அலை சாய்வாகப் போயிருந்தால் உண்மை வேகம் அதைவிடக் கூடுதல். எந்த இடத்திலிருந்து வந்தது என்று காலிஸ்டோவால் சொல்ல முடியாது. அதற்குப் படம் எடுக்கும் ரேடியோ தொலைநோக்கி வேண்டும். கௌரிபிதனூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம் 1997 முதல் இயக்கும் ரேடியோஹீலியோகிராஃப் அந்த வேலையைச் செய்கிறது. அதன் படம் கிடைக்கும் நாளில் உயரத்துக்கு மாதிரியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

சரி, விளிம்பில் இவ்வளவு பாடுபட்டது எதற்கு? சூரியன் நமக்குத் தெரியும்படி ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகும். நடுவில் இருக்கும் கரும்புள்ளிக் கூட்டம் மேற்கு விளிம்புக்குப் போக ஏழு நாள். விளிம்புக்குப் போன பிறகு அதே கூட்டம் வெடித்தால், அந்த வெடிப்பில் எத்தனை மடங்கு என்று படத்தோடு உரசி முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் முன்பு அது நடுவில் இருந்தபோது நம்மை நோக்கி வந்த வெடிப்புக்கு அதே மடங்கைப் போட்டு வேகத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த இடத்தின் அடர்த்தி மாறியிருக்கலாம் என்பதால் இதற்கு வரம்பு உண்டு. ஆனாலும் வளையம் விரியும் வேகத்தை மட்டும் வைத்துச் சொல்வதைவிட இந்த விடையின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ரேடியோவின் உயரம் அடர்த்தியிலிருந்து வருவது. வெடிப்பு எந்தப் பக்கம் பார்த்துப் போனாலும் அடர்த்திக்குக் கவலை இல்லை.

பட்டை இரண்டாகப் பிளந்திருந்தால்

சில ரேடியோ வெடிப்புகளில் சீரிசைப் பட்டையே நெருக்கமாக இரண்டு கோடுகளாகப் பிளந்திருக்கும். அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1974-இல் ஸ்மெர்ட், ஷெரிடன், ஸ்டூவர்ட் சொன்ன விளக்கப்படி, கீழ்க்கோடு அதிர்ச்சி அலைக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்மாவிலிருந்து வருவது, மேல்கோடு பின்னால் நசுங்கிய பிளாஸ்மாவிலிருந்து வருவது. அப்படி என்றால் வேகத்தோடு காந்தப்புலமும் கிடைக்கும். இப்படிப் பிளந்திருக்கும்போது உயரக் கணக்குக்குக் கீழ்க்கோட்டையே எடுக்க வேண்டும்.

கீழ்க்கோடு 120-இலும் மேல்கோடு 150-இலும் தொடங்கினால் விகிதம் 1.25. அதன் வர்க்கம் 1.56, பிளாஸ்மா அத்தனை மடங்கு நசுங்கியிருக்கிறது. 1.56-ஐ 6.56-ஆல் (அதோடு 5 கூட்டியது) பெருக்குங்கள். 4-இலிருந்து 1.56-ஐக் கழித்து இரட்டித்து, அதனால் வகுங்கள். வர்க்கமூலம் எடுத்தால் 1.45. இது ஆல்ஃப்வென் மாக் எண்: பிளாஸ்மாவில் காந்த அலை போகும் வேகத்தை (ஆல்ஃப்வென் வேகம்) போல அதிர்ச்சி அலையின் வேகம் எத்தனை மடங்கு என்பது. அலை காந்தப்புலத்துக்குக் குறுக்காகப் போகிறது, வாயு அழுத்தம் காந்த அழுத்தத்தைவிட மிகக் குறைவு என்ற இரண்டு அனுமானங்கள் இதில் உண்டு. வேகம் 546-ஐ 1.45-ஆல் வகுத்தால் ஆல்ஃப்வென் வேகம் 377. அதை அடிப்படை அதிர்வெண் 60-ஆலும் 0.000051-ஆலும் பெருக்கினால் காந்தப்புலம் 1.15 காஸ் (காந்தப்புலத்தின் அலகு). நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். சூரியனின் பரப்புக்கு மேலே நான்கு லட்சம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காந்தப்புலத்தை, இணையத்தில் எடுத்த ஒரு கோப்பை வைத்து, திண்டுக்கல்லில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டோம். இந்த எண் முதல்முறை வரும்போது மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து கேட்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 10, 15 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அயனி மண்டலம் அலைகளை உள்ளே விடாது. அடிப்படை 14-ஐத் தொடும்போது ஒரு மடங்கு நியூகிர்க் கணக்கில் அலை 2.45 ஆரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் விண்கலம் வேண்டும்: 1994-இல் கிளம்பிய விண்ட் கலத்தின் வேவ்ஸ் கருவி 13.825 மெகாஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. உங்கள் வெடிப்பு காலிஸ்டோவின் அடிவரை வந்து வேவ்ஸிலும் தொடர்ந்தால், வலுவான அதிர்ச்சி அலை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரங்களில் நியூகிர்க்கை விட்டுவிட்டு 1998-இல் வந்த லெப்லாங்க் அடர்த்தி மாதிரிக்கு மாறிவிட வேண்டும். இன்னும் வெளியே, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவழியில், ஊட்டி முத்தோரையின் ரேடியோ தொலைநோக்கி வேறு விதமாக உதவுகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச் சரிவிலேயே பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடத்தப்பட்டது. தொலைதூர ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் ஊடே மினுக்குவதை 326.5 மெகாஹெர்ட்ஸில் பார்த்து, வெடிப்பு வழியில் எங்கே வருகிறது என்று சொல்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய பாடம்.

நோட்டில் விடை எழுதும்போது ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். என் மாணவர்கள் எழுத வேண்டிய வரி இப்படி: நிலையம், கோப்பின் பெயர், உலக நேரத்தில் தொடக்கமும் முடிவும், எடுத்த பட்டை சீரிசையா அடிப்படையா, அதற்கு என்ன சான்று, நியூகிர்க் ஒரு மடங்கில் 436, இரு மடங்கில் 546, சி2-வில் 531, தேர்ந்தெடுத்தது இரு மடங்கு, காரணம் தொடக்க உயரம். அடுத்த வருடம் வருபவர் இதே கோப்பைத் திறந்து வேறு பட்டையைச் சீரிசை என்று சொன்னால், எங்கே பிரிந்தோம் என்று அந்த வரியைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும்.